வெளிநாட்டு மாணவர் ஆபீஸ்: உண்மையிலேயே உதவுமா, மெயில் தொல்லை மட்டும்தானா?

கேள்வி (கே.கே.நகர் வாசகர்)
21 ஜூன் 2025

தம்பி ஆகஸ்டுல எம்.எஸ். படிக்க அமெரிக்கா கிளம்பறான். ஐ-20ங்கிற சேர்க்கைப் படிவம் கைக்கு வந்ததுல இருந்து அந்த யுனிவர்சிட்டியோட 'இன்டர்நேஷனல் ஆபீஸ்' மெயிலா அனுப்பித் தள்ளுது. ஓரியன்டேஷனுக்குக் கட்டாயம் வரணுமாம், முகவரி கொடுக்கணுமாம், இன்சூரன்ஸ் எடுக்கணுமாம். எனக்கென்னமோ எல்லாம் கண்துடைப்பாத் தெரியுது. கன்சல்டன்சிக்குக் காசு கட்டியாச்சு. அங்க போனா நம்ம பசங்க வாட்ஸாப் குரூப் இருக்கு. பிறகு இந்த ஆபீஸ் எதுக்கு? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

22 ஜூன் 2025

மெயிலை ஸ்பாம்ல தள்ளிடாதீங்க. அது முதல்ல.

நான் யாருன்னு ஒரு வரி. நடுமேற்கு மாநிலம் ஒன்னுல படிச்சப்ப இதே மாதிரி ஆபீஸோட முன்மேசையில மணிக்கூலிக்கு உட்கார்ந்தவ. இப்ப மதுரையில ஒரு கல்லூரியில, வெளிநாட்டுல இருந்து வர்ற பசங்களோட காகிதம் பார்க்கிறது என் வேலை. மேசைக்கு ரெண்டு பக்கமும் நின்னிருக்கேன்.

கன்சல்டன்சி வேலை பையனை ஃப்ளைட் ஏத்துறதோட முடிஞ்சுது. அப்புறம் ஃபோன் எடுக்க மாட்டாங்க, எடுத்தாலும் அவங்களால ஒன்னும் ஆகாது. அமெரிக்க அரசு செவிஸ்னு ஒரு கணினிப் பதிவேடு வெச்சிருக்கு. உங்க தம்பி எங்க தங்கறான், எத்தனை பாடம் எடுத்திருக்கான், எப்ப முடிக்கிறான் எல்லாம் அதுலதான். அதுக்குள்ள கை வைக்கிற அதிகாரம் அந்த ஆபீஸ்ல இருக்கிற டி.எஸ்.ஓ-ங்கிற அலுவலருக்குத்தான். பாடம் நடத்துற பேராசிரியருக்குக்கூட கிடையாது. 350 டாலர் செவிஸ் கட்டணம் கட்டினீங்கல்ல, அது இந்தப் பதிவேட்டுக்குத்தான்.

டிக்கெட் மலிவா இருக்குன்னு ஜூலை ஆரம்பத்துலயே போட்டுடாதீங்க. ஐ-20ல இருக்கிற தொடக்கத் தேதிக்கு 30 நாள் முன்னாடிதான் உள்ள விடுவாங்க.

25 ஜூன் 2025

அரசரடி அண்ணன் கேட்டிருக்காரு: "விசா கொடுக்கிறது கான்சுலேட். இவங்க நடுவுல யாரு?"

அண்ணே, விசா வேற, உள்ள தங்கிப் படிக்கிற தகுதியான ஸ்டேட்டஸ் வேற. விசா நம்ம கோயில்ல சிறப்பு தரிசனச் சீட்டு மாதிரி, வாசல்ல கிழிச்சதும் அதோட வேலை முடிஞ்சுது. உள்ள இருக்கிறப்ப பாஸ்போர்ட்ல குத்தின விசா காலாவதியானாலும் தங்கறதுக்கு ஒன்னும் குறையில்ல, திரும்ப வெளிய போய் வர்றப்பதான் புதுசு வேணும். ஆனா ஸ்டேட்டஸ் போச்சுன்னா விசாவுல இன்னும் நாலு வருஷம் பாக்கி இருந்தாலும் புண்ணியமில்ல. கான்சுலேட் முதலாவதைப் பார்க்கும். ரெண்டாவது ஒவ்வொரு செமஸ்டரும் இந்த ஆபீஸ் மேசையிலதான் உயிரோட இருக்கும்.

3 ஜூலை 2025

வாட்ஸாப் குரூப் போதும்னு இன்னும் ரெண்டு பேர் எழுதியிருக்காங்க. ஒரு சம்பவம் சொல்றேன், பெருசாத்தான் இருக்கும்.

திருமங்கலத்துப் பையன், எனக்கு ஒரு வருஷம் ஜூனியர். ஐப்பசி முகூர்த்தத்துல அக்கா கல்யாணம், ஊருக்கு வந்தே ஆகணும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் பூட்டுற நேரத்துக்கு மூச்சு வாங்க வர்றான். பாஸ்போர்ட்டுக்குள்ள நாலா மடிச்ச ஐ-20. அதோட ரெண்டாம் பக்கத்துல பயணக் கையெழுத்துக்குன்னு இடம் விட்டிருக்கும். வெளிய போய்த் திரும்பி வர்றப்ப விமான நிலையத்து அதிகாரி நேரா அந்தப் பக்கத்தைத்தான் திருப்பிப் பார்ப்பாரு. படிக்கிறப்ப போட்ட கையெழுத்து ஒரு வருஷம் செல்லும், படிச்சு முடிச்சு ஓ.பி.டி.ங்கிற பயிற்சி வேலையில இருந்தா ஆறு மாசம். இவனோடது வருஷம் தாண்டிப் போச்சு. குரூப்ல கேட்டிருக்கான். "அதெல்லாம் யாரும் பார்க்க மாட்டாய்ங்கடா, கிளம்புடா"ன்னு ஒருத்தன். "எனக்கு ஒன்னுமே கேக்கல"ன்னு இன்னொருத்தன். ஏதோ மனசு கேக்காம வந்துட்டான்.

எங்க ஆபீஸ் டி.எஸ்.ஓ. அம்மா கோட்டு மாட்டி, பையைத் தோள்ல போட்டாச்சு. இவன் முகத்தைப் பார்த்துட்டுக் கோட்டைக் கழட்டி நாற்காலி மேல போட்டாங்க. பேனாவைத் திறந்தாங்க. ஆனா கையெழுத்துப் போடல, கணினியைத் தட்டினாங்க. போடறதுக்கு முன்னாடி பையன் முழுநேர மாணவனா இருக்கானான்னு பார்க்கணுமே. அப்பதான் தெரியுது, போன வாரம் ஒரு பாடத்தை விட்டிருக்கான். "கஷ்டமா இருந்தா விட்டுடு"ன்னு பேராசிரியர் நல்லெண்ணத்துலதான் சொன்னாரு. அவருக்கு உள்ளூர்ப் பையன், வெளியூர்ப் பையன் வித்தியாசம் தெரியாது. எங்க பல்கலைக்கழகத்துல முதுகலைக்கு 9 கிரெடிட் முழுநேரம். இவன் 6க்கு இறங்கிட்டான். குறைச்சு எடுக்க அனுமதி உண்டுதான். ஆனா பாடத்தை விடறதுக்கு முன்னாடி டி.எஸ்.ஓ. கிட்ட வாங்கியிருக்கணும், விட்ட பிறகு வாங்க முடியாது.

செமஸ்டர் நடுவுல ஆரம்பிக்கிற அரைப்பருவப் பாடம் ஒன்னு இருந்துச்சு. அந்த அம்மா துறைக்கு ஃபோன் போட்டு, வீட்டுக்குக் கிளம்பிட்ட யாரையோ பிடிச்சு, இவனைச் சேர்த்துட்டு, அப்புறம்தான் கையெழுத்து. வெளிய இருட்டிருச்சு. இவன் தேங்க்யூன்னு சொல்லக்கூட மறந்துட்டு ஓடினான். கல்யாணத்துக்கு வந்தான், திரும்பியும் போனான்.

குரூப்ல "ஒன்னுமே கேக்கல"ன்னு சொன்னவன் பொய் சொல்லல. அவனுக்குக் கேக்கல. அவ்வளவுதான் அந்தப் பதிலோட மதிப்பு.

9 ஜூலை 2025

குக்கர் எடுத்துட்டுப் போகலாமான்னு கேட்ட அக்காவுக்கு: போகலாம். கைப்பெட்டியில வேண்டாம், செக்-இன்ல போடுங்க. விசிலையும் கேஸ்கட்டையும் தனியாச் சுத்தி வைங்க. இந்த இழையில இதுவரைக்கும் யாரும் மறுத்துப் பேசாத தகவல் இதுவாத்தான் இருக்கும்.

16 ஜூலை 2025

கேள்வி போட்ட கே.கே.நகர்க்காரர் தனிச்செய்தி அனுப்பியிருக்காரு. தம்பிக்கு இன்னும் நேர்காணல் தேதி கிடைக்கல. அவர் ஒருத்தருக்கு மட்டுமில்ல. மே 27ல புது மாணவர் நேர்காணல் தேதி கொடுக்கிறதையே நிறுத்தி, ஜூன் 18க்கு மேலதான் மறுபடி திறந்தாங்க. அதோட சமூக வலைதளக் கணக்குகளை எல்லாரும் பார்க்கிற மாதிரித் திறந்து வைக்கணும்னு ஒரு நிபந்தனை. சென்னை ஜெமினி பக்கம் இருக்கிற கான்சுலேட்ல ஒரு காலை நேர இடம் கிடைக்க, பசங்க ராத்திரி முழுக்க லேப்டாப்பைப் பார்த்து உட்கார்ந்திருக்காங்க.

நீங்க கண்துடைப்புன்னு சொன்ன ஆபீஸ் இப்பதான் வேலைக்காகும். இன்னைக்கே மெயில் போடச் சொல்லுங்க. ரெண்டே கேள்வி. எந்தத் தேதி வரைக்கும் தாமதமா வந்து சேரலாம்? அதையும் தாண்டிட்டா ஜனவரிப் பருவத்துக்கு மாத்திப் புது ஐ-20 தருவீங்களா? பெரும்பாலும் அதே செவிஸ் எண்ணுலயே தேதியை மட்டும் மாத்துவாங்க, கட்டின கட்டணமும் வீணாகாது. தேதி முடிஞ்ச பிறகு கேட்டா சிக்கல். உதவித்தொகை, ஹாஸ்டல் ரூம் எல்லாம் ஜனவரிக்கும் தொடருமான்னு துறையில தனியாக் கேக்கணும், அது இந்த ஆபீஸ் கையில இல்ல.

மெயில்ல கதை எழுத வேண்டாம். "ரெஸ்பெக்டட் சார்"ல ஆரம்பிச்சு குடும்ப நிலவரம் வரைக்கும் எழுதற பழக்கம் நம்மகிட்ட இருக்கு. நானே அந்த மேசையில படிச்சிருக்கேன், மூணாம் பத்தியிலதான் கேள்வி வரும். மாணவர் எண், செவிஸ் எண், நேர்காணல் தேதி இருந்தா அது, கேள்வி. போதும்.

28 ஜூலை 2025

ஆபீஸைத் தூக்கிப் பேசிட்டே போறேன், இன்னொரு பக்கமும் இருக்கு. செல்லூர்த் தம்பி ஒருத்தர் கொஞ்சம் காரமாக் கேட்டதும் நியாயம்தான்: "அக்கா, அவங்க அரசாங்கத்துக்கு நம்மளைப் போட்டுக் கொடுக்கிறவங்கதானே?"

போட்டுக் கொடுக்கிறதுன்னு சொல்ல மாட்டேன். ஆனா அவங்க உங்க வக்கீல் இல்ல, பல்கலைக்கழகச் சம்பளம் வாங்கறவங்க. சில விஷயம் அவங்க காதுக்குப் போனா செவிஸ்ல ஏத்தியே ஆகணும், அது சட்டக் கடமை. வாரத்துக்கு 20 மணி நேரம் வளாகத்துக்குள்ள வேலை பார்க்க அனுமதி உண்டு. அதுக்கு மேல பெட்ரோல் பங்குலயோ ஹோட்டல்லயோ ராத்திரி ரொக்கத்துக்கு நின்னவன், அந்தக் கதையை டி.எஸ்.ஓ. கிட்டச் சொல்லிட்டு "இப்ப என்ன பண்ண"ன்னு கேக்கக் கூடாது. குடிவரவு வக்கீல்கிட்ட முதல்ல போகணும். நிறைய பல்கலைக்கழகத்துல மாணவர் சட்ட உதவி மையமும் உண்டு, முதல் ஆலோசனைக்குப் பல இடத்துல காசு வாங்கறதில்ல. ஓட்டுநர் அபராதமோ கைதோ ஏதாவது நடந்திருந்தாலும் இதே வரிசைதான்.

இதையும் சொல்லணும். இந்த ஏப்ரல்ல ஆயிரக்கணக்கான மாணவர்களோட செவிஸ் பதிவை அமெரிக்க அரசே திடீர்னு முடிச்சு வெச்சுதே, பல பேருக்கு முன்னறிவிப்பே கிடையாது. எப்படித் தெரிஞ்சுதுன்னா, பல இடத்துல இந்த ஆபீஸ்காரங்க தினமும் காலையில பதிவேட்டைத் திறந்து பேர் பேராப் பார்த்துத்தான். பார்த்துட்டுப் பையனைக் கூப்பிட்டுச் சொன்னாங்க. அப்புறம் வழக்குகள் போய், மாசக் கடைசியில பதிவுகளை மறுபடி உயிர்ப்பிச்சாங்க. அந்த ஃபோன் வந்ததாலதான் பல பசங்க நேரத்துக்கு வக்கீலைப் பார்த்தாங்க.

12 ஆகஸ்ட் 2025

வந்திருக்கிற கேள்விகளுக்கு மொத்தமா.

முகவரி: வீடு மாறினா 10 நாளுக்குள்ள பதியணும். வழக்கமா பல்கலைக்கழகத் தளத்துல மாத்தினா போதும், அங்க இருந்து செவிஸுக்குப் போயிடும். பக்கத்து அறைக்கு மாறினாலும்தான்.

வரி: வருமானமே இல்லாட்டியும் 8843-ன்னு ஒரு படிவம் அனுப்பணும். சம்பாதிச்சவங்க உள்ளூர்க்காரங்க போடற மென்பொருள்ல போட்டுடறாங்க, அது நம்மளைக் குடியிருப்பாளராக் கணக்குல எடுத்துக்கும். எஃப்-1ங்கிற மாணவர் விசாவுல இருக்கிறவர் முதல் அஞ்சு காலண்டர் வருஷம் குடியிருப்பாளர் அல்லாதவர் கணக்குலதான் வருவாரு. இந்திய மாணவருக்கு மட்டும் ஒரு சலுகை இருக்கு, இந்தியா-அமெரிக்கா வரி ஒப்பந்தம் 21(2)-ல. மற்ற நாட்டுப் பசங்களுக்குக் கிடைக்காத நிலையான கழிவு நமக்குக் கிடைக்கும். பிப்ரவரி, மார்ச்ல ஆபீஸ் இதுக்கான மென்பொருளை இலவசமாவோ குறைஞ்ச விலைக்கோ தரும், வகுப்பும் வைக்கும். பீட்சா போடுவாங்க. அதுக்காகவாவது போங்க.

இன்சூரன்ஸ்: பல் வலியை இங்கயே பார்த்துட்டுப் போங்க. மாணவர் காப்பீட்டுல பல்லும் கண்ணும் பெரும்பாலும் தனி. ஜலதோஷத்துக்கு வளாக மருத்துவமனை, எமர்ஜென்சி வார்டுக்குப் போயிடாதீங்க. பில் வந்தா காய்ச்சல் தானா நின்னுடும்.

மனநல ஆலோசனை: இதைப் பத்தி யாரும் கேக்கல, நானே சொல்றேன். நவம்பர்ல நாலரை மணிக்கெல்லாம் இருட்டும். முதல் பருவத்துலயே சில பசங்க வகுப்புக்குப் போறதை நிறுத்திடுவாங்க. வீட்டுக்கு வீடியோ கால்ல சிரிச்சுப் பேசுவாங்க. வளாகத்துல ஆலோசகர் உண்டு, முதல் சில அமர்வுக்குக் கட்டணம் இருக்காது, வீட்டுக்கும் தகவல் போகாது. மருத்துவக் காரணத்துக்காகப் பாடத்தைக் குறைக்கவும் விதியில இடம் இருக்கு, டாக்டர் கடிதத்தோட முன்கூட்டியே டி.எஸ்.ஓ. அனுமதி வாங்கணும். வருகைப்பதிவு போய், மார்க் போய், ஸ்டேட்டஸும் போன பிறகு அழுத பசங்களைப் பார்த்திருக்கேன். அப்பா அம்மா யாராவது இதைப் படிச்சா, "என்ன சாப்பிட்ட"ன்னு கேக்கறப்ப "இன்னைக்கு வகுப்புக்குப் போனியா"ன்னும் கேளுங்க.

20 ஆகஸ்ட் 2025

"நம்ம ஊருக்கு வர்றவனுக்கு யாரு இருக்கா?" இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

மதுரைக்கு வெளிநாட்டுப் பசங்க வர்றது புதுசில்ல. ஓபர்லின் ஷான்சிங்கிற அமெரிக்க அமைப்பு மூலமா அமெரிக்கப் பட்டதாரிங்க லேடி டோக்லயும் அமெரிக்கன் கல்லூரியிலயும் தங்கி இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்திருக்காங்க. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து மாணவங்க இங்க வந்து வீடுகள்ல தங்கித் தமிழ் படிச்சிருக்காங்க. அரவிந்த்ல கண் சிகிச்சை பழக எங்கெங்க இருந்தோ டாக்டருங்க வர்றாங்க. அப்பல்லாம் இந்த 'உதவி மையம்' வேலையைப் பார்த்தது வீட்டுக்கார அம்மாவும் தெருமுனை ஆட்டோ அண்ணனும்தான். பல இடத்துல இன்னைக்கும் அப்படித்தான்.

ஆனா காகிதம் இருக்கே. மாணவர் விசா 180 நாளுக்கு மேல இருந்தா, வந்து இறங்கின 14 நாளுக்குள்ள எஃப்.ஆர்.ஆர்.ஓ.ங்கிற வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துல பதியணும். முன்னாடி நேர்ல அலையணும், 2018ல இருந்து ஆன்லைன். கல்லூரி போனஃபைட் சான்றிதழ் கொடுக்கணும். அதுக்கும் முன்னாடி, தங்க இடம் கொடுத்தவர் 24 மணி நேரத்துக்குள்ள தகவல் பதியணும், அதுதான் சி-படிவம். ஹோட்டல்காரங்களுக்குப் பழக்கம். வீட்டுக்காரங்களுக்கு?

நாகமலை புதுக்கோட்டையில ஒரு பெரியவர் வீட்டு மாடி. தான்சானியாவுல இருந்து வந்த ஆய்வு மாணவர் குடி வந்திருக்காரு. நான் சி-படிவம்னு சொன்னதும் பெரியவர், "ஏம்மா, போலீஸ் சமாச்சாரமா? அப்ப வாடகையே வேணாம்மா"ன்னுட்டாரு. திண்ணையில உட்கார்ந்து பேசினோம். சரின்னாரு. பதிவைத் திறந்தா ஓ.டி.பி. அவரு ஃபோனுக்கு வருது. ஃபோன் பேரன்கிட்ட, பேரன் டியூஷன்ல. பேரன் வந்தான், அதுக்குள்ள ஓ.டி.பி. செத்துப்போச்சு. மறுபடி. இந்தத் தடவை தாத்தா நம்பரைச் சத்தமா வாசிக்கிறாரு, கடைசி எண்ணை மட்டும் மனசுக்குள்ள வாசிக்கிறாரு. தான்சானியாக்காரர் பின்னால நின்னு எட்டிப் பார்த்து அந்த எண்ணைத் தமிழ்ல சொன்னாரு, "எட்டு!" பெரியவர் அவரைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கே. அதுக்கப்புறம் அட்வான்ஸ் பேச்சே எடுக்கல.

இது யார் வேலை? சட்டப்படி வீட்டுக்காரர் வேலை. கல்லூரி ஆள் போய் உட்காராட்டி நடக்குமா, நடக்காது. 15-ஆம் நாள் மாட்டறது அந்த மாணவர்தான். அங்க அந்த அம்மா கோட்டைக் கழட்டிப் போட்டதும், இங்க திண்ணையில உட்கார்றதும் ஒரே வேலைன்னு எனக்குப் படுது. அங்க அதுக்குப் பதவி, பயிற்சி, பட்ஜெட் இருக்கு. இங்க பல கல்லூரியில 'இதையும் சேர்த்துப் பாரும்மா'ங்கிற ஒரு ஆளும் அவரோட சொந்த ஃபோனும்தான்.

அங்க 20 மணி நேர வேலை உண்டுன்னு சொன்னேனே, இங்க மாணவர் விசாவுல வேலையே கூடாது. மாலையில இங்கிலீஷ் டியூஷன் எடுக்கட்டுமான்னு கேக்கற பசங்களுக்கு இதைச் சொல்றது சங்கடமா இருக்கும். சொல்லித்தான் ஆகணும்.

2 செப்டம்பர் 2025

மேல எழுதின பதிவு விதிகளுக்குப் பின்னால இருந்த இந்தியச் சட்டமே நேத்து மாறிடுச்சு. செப்டம்பர் 1ல இருந்து குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம் 2025 நடைமுறைக்கு வந்திருக்கு. 1946 வெளிநாட்டவர் சட்டம், 1939 பதிவுச் சட்டம் எல்லாம் போச்சு. இடம் கொடுக்கிறவர், கல்வி நிறுவனம், மருத்துவமனை மூணு பேரும் வெளிநாட்டவர் பத்தித் தகவல் தரணும்ங்கிறது புதுச் சட்டத்துலயே இருக்கு. ஆக, பெரியவர்களே, கடமை போகல. படிவத்தைத் தளத்துல பார்த்து நிரப்புங்க, பழைய பிரிண்ட் அவுட்டை ஜெராக்ஸ் எடுத்து வெச்சுக்காதீங்க.

அமெரிக்காவுலயும் போன வாரம் ஒரு விதி வரைவு வந்திருக்கு. படிக்கிற வரைக்கும் தங்கலாம்னு இருக்கிறதை எடுத்துட்டு, அதிகபட்சம் நாலு வருஷம்னு தேதி போடணும், முடிச்ச பிறகு கிளம்பக் கொடுக்கிற 60 நாளை 30 ஆக்கணும்னு. நான் இதை எழுதறப்ப அது வரைவுதான், இன்னும் சட்டமாகல. அதுக்குள்ள யூடியூப்ல "அமெரிக்கக் கனவு முடிந்தது"ன்னு தலைப்பு போட்டாச்சு. பி.எச்டி. பசங்க மட்டும் கண்ணு வெச்சுக்கோங்க, நாலு வருஷத்துல யாரு முடிக்கிறா?

14 செப்டம்பர் 2025

பல்கலை நகர்ல இருந்து ஒரு அம்மா: வீட்டுக்காரர் ஜே-1ங்கிற பரிமாற்ற விசாவுல போஸ்ட்டாக் (பி.எச்டி.க்குப் பிந்தைய ஆய்வு) போறாரு, நான் கூடப் போனா வேலை பார்க்க முடியுமா?

முடியும். கூடப் போறவங்களுக்கான ஜே-2 விசாவுல வேலை அனுமதி அட்டைக்கு விண்ணப்பிச்சு, அது கைக்கு வந்த பிறகு. மாணவரோட மனைவியா எஃப்-2ல போனா முடியாது. எதுல போறீங்கங்கிறதை டிக்கெட்டுக்கு முன்னாடியே பேசிடுங்க. அப்புறம் அந்தப் பழைய பயம், முடிச்சதும் ரெண்டு வருஷம் இந்தியாவுல இருந்தே ஆகணும்ங்கிறது. எந்த நாட்டுத் திறனாளருங்க திரும்பியே ஆகணும்னு அமெரிக்கா வெச்சிருக்கிறது திறன் பட்டியல். 2024 டிசம்பர்ல திருத்தின அந்தப் பட்டியல்ல இந்தியா இல்ல, அதனால அந்தக் காரணத்துக்காக மாட்டினவங்களுக்கு நிம்மதி. ஆனா அரசுப் பணத்துல போறவங்களுக்கும், மருத்துவப் பயிற்சிக்குப் போற டாக்டருங்களுக்கும் அது அப்படியே இருக்கு. ஜே-1க்கு ஐ-20 மாதிரி இருக்கிற டி.எஸ்-2019 படிவம் வந்ததும் நிதி யாருதுன்னு எழுதியிருக்கிற கட்டத்தைப் படிங்க. புரியலைன்னா அந்த ஆபீஸ்ல ஸ்காலர் அட்வைசர்னு தனியா ஒருத்தர் இருப்பாரு. போஸ்ட்டாக் போறவங்க "நாம மாணவன் இல்லையே"ன்னு அந்தப் பக்கமே போறதில்ல.

27 செப்டம்பர் 2025

கே.கே.நகர்த் தம்பிக்கு ஜனவரி ஐ-20 வந்திருச்சாம். "ரெண்டு வரி மெயில்தான் போட்டான், மறுநாள் பதில்"னு அண்ணன் எழுதியிருக்காரு. நல்லது. டிசம்பர்ல போய் இறங்கறவன், குளிர்கோட்டை இங்க வாங்க வேண்டாம். நம்ம மாசி வீதிகள்ல கிடைக்கிறது கொடைக்கானலுக்குத்தான் சரி. அங்க சீனியருங்க கழிச்சுப் போட்ட கோட்டுகளை ஆபீஸ்லயே அடுக்கி வெச்சிருப்பாங்க, கேட்டா தருவாங்க.

கடைசியா வந்த கேள்வி அவசரம்ங்கிறதால: யாழ்ப்பாணத்துப் பொண்ணு, வில்லாபுரத்துல சித்தி வீட்டுல தங்கிப் படிக்குது, பாஸ்போர்ட் தொலைஞ்சு போச்சு. முதல்ல போலீஸ்ல புகார் கொடுத்து ரசீது வாங்குங்க. அதை வெச்சு சென்னையில இருக்கிற இலங்கைத் துணைத் தூதரகத்துக்கு. புது ஆவணம் வந்ததும் எஃப்.ஆர்.ஆர்.ஓ. தளத்துல விசாவை அதுக்கு மாத்தி வாங்கணும். கல்லூரிக்கு இன்னைக்கே சொல்லுங்க, போனஃபைட் மறுபடி கேப்பாங்க. சித்தி வீடா இருந்தாலும் தங்கற தகவல் பதிஞ்சிருக்கணும், பதிஞ்சிருக்கான்னு சித்திகிட்ட இப்பவே கேட்டு இங்க எழுதுங்க. இல்லைன்னா அதைச் சரிபண்ணிட்டு மத்ததுக்குப் போகலாம்.